துரைத் தொப்பி போட்ட என் மகனுக்கு

'அன்புள்ள' என்று தொடங்கத்தான் கை போகிறது. பழக்கம். இன்றைக்கு அதை விட்டுவிடலாம். நலமா என்றும் கேட்கப்போவதில்லை. நீ நலமாக இருப்பது நேற்று சாயங்காலத்திலிருந்து ஈப்போ, பினாங்கு, ஜொகூர் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். நீ இணையத்தில் போட்ட படத்தின் கீழே வரிசைகட்டி நின்று கைதட்டிக்கொண்டிருக்கிறார்கள். உன் பெரியம்மா 'செம கான்செப்ட் ஐயா' என்று எழுதி, பக்கத்தில் ஒரு குட்டி ரயில் படமும் ஒட்டியிருக்கிறாள். என் அக்கா எதைக் காட்டினாலும் கைதட்டுவாள், கரண்ட் பில்லைக் காட்டினால்கூட. அந்தப் படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, அடுத்த மாதம் கல்யாண மண்டப வாசலில் நிறுத்தப்போவதாகவும் எழுதியிருக்கிறாய். அந்த மண்டபமே தேவைப்படாமல் போகலாம், மகனே. நேற்று ரயிலில் திரும்பும்போது தர்ஷினி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். நான் உண்மையைச் சொன்னேன். அந்தப் பதிலால் உன் கல்யாணம் நின்றுபோக இடமிருக்கிறது. இன்று மாலை அவள் உன்னைப் பார்க்க வருகிறாள். அதற்குள் இதைப் படித்துவிடு.

ஊரறிய எழுதுகிறாளே என்று கோபித்துக்கொள்ளாதே. படத்தை ஊருக்குக் காட்டியது நீ. நீ காட்டிய அதே ஆட்கள் இதையும் படிக்கட்டும் என்றுதான் குடும்ப வாட்ஸ்அப்பில் போடுகிறேன். காலையில் தர்ஷினிக்குப் போன் செய்து அனுமதி கேட்டேன். "எழுதுங்க ஆன்டி, மறைக்க என்ன இருக்கு" என்றாள். அந்த 'ஆன்டி'யைக் கவனித்தாயா? கவனித்திருக்கமாட்டாய். பாதிக் கடிதம் அதைப் பற்றித்தான்.

வெள்ளிக்கிழமை நீ போனில் என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "மா, நாளைக்கு ஹெரிடேஜ் ரயில் எல்லாம் பாக்கப் போறோம். கல்யாணத்துக்குப் படமும் எடுக்கறோம். நீங்களும் வாங்க, அப்பா ஞாபகமா இருக்கும்." அப்பா ஞாபகம் என்றதுமே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். உன் அப்பா செந்தூல் ரயில் பட்டறையில் ஃபிட்டர். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அன்று சாயங்காலம் பிரிக்பீல்ட்ஸ் குவாட்டர்ஸுக்கு வந்தவர், வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டார். அதற்குப் பிறகு சாகும்வரை ரயிலில் ஏறவில்லை. கிள்ளானில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போவதானாலும் பஸ்தான். "பாதி ஆயுசு அதுக்கு எண்ணெய் போட்டாச்சு, இனிமே அது பாட்டுக்குப் போவட்டும்" என்பார். இப்போது நீ எழுதியிருக்கிறாய், 'என் தந்தை எஞ்சின்களைப் பெற்ற பிள்ளைகளைப்போல் நேசித்தார்' என்று. அந்த மனிதர் யாரென்று எனக்குத் தெரியவில்லை. என்னோடு குடித்தனம் நடத்தியவர் இல்லை. குவாட்டர்ஸை இடித்தபோது யாரோ ஒருவர் கேமராவோடு வந்து, வருத்தமாக இருக்கிறதா என்று என்னைக் கேட்டார். மழை வந்தால் எந்த மூலையில் வாளி வைப்பது என்று இனி யோசிக்க வேண்டாம் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. கண்ணீர் எதிர்பார்த்து வந்திருக்கிறார். நீயும் அந்தக் கூட்டத்து ஆள்தான் என்று நேற்றுதான் எனக்கு உறைத்தது.

நேற்று காலையில் உன் வண்டி வந்து நின்றதும் தர்ஷினி முன்சீட்டிலிருந்து இறங்கினாள். "அத்தை, நீங்க முன்னால உக்காருங்க, காலு நீட்டிக்கலாம்" என்றாள். பரிசம் போட்ட அன்றிலிருந்து அவள் என்னை அத்தை என்றுதான் கூப்பிடுகிறாள். அதற்கு முன்னால் ஆன்டி. நம் ஊரில் மீன் கடைக்காரியும் ஆன்டிதான், பல் டாக்டரும் ஆன்டிதான். அத்தை என்றால் அப்படியில்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமல், தட்டு மாற்றி முடிந்த கையோடு, "அத்தை, தண்ணி குடிக்கிறீங்களா" என்று கேட்டவள் அவள். என் முழங்காலுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். காஜாங் ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க ஊராரின் முதுகையும் முட்டியையும் அழுத்திவிட்டு, செமினி வீட்டுக்குப் போகிற வழியில் எனக்குப் போன் போட்டு, "அத்தை, இன்னிக்குக் காலு தூக்கினீங்களா இல்லையா" என்று மிரட்டுவாள். நேற்று அவள் மடியில் ஒரு பை இருந்தது. உள்ளே பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் இரண்டு பேரும் கடை கடையாக ஏறி வாங்கிய திராட்சை நிறப் பட்டு. மடிப்பு எடுத்து, இஸ்திரி போட்டு, பின் குத்தி, குழந்தையை வைத்திருப்பதுபோல் வைத்திருந்தாள்.

முதலில் அருங்காட்சியக வாசலில் நிற்கும் எஞ்சின், அப்புறம் பழைய கோலாலம்பூர் ஸ்டேஷன். அங்கெல்லாம் நீ பேசியதை நான் பாதிதான் கேட்டேன். எந்தச் சக்கரம் எந்த நாட்டில் செய்தது, எந்த வளைவு எந்த ராஜா காலத்துப் பாணி என்று வாய் ஓயாமல் சொன்னாய். பித்தளைத் தகடு ஒன்றில் தூசி இருக்கிறதென்று உன் சொந்தக் கைக்குட்டையை எடுத்துத் துடைத்தாய். வீட்டில் நீ ஒரு தட்டைத் துடைத்து நான் பார்த்ததில்லை. தர்ஷினி மட்டும் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு, நடுநடுவே என் முழங்கையைப் பிடித்துப் படி இறக்கிவிட்டாள். அதுவரைக்கும் நல்ல நாளாகத்தான் இருந்தது. உன்னுடைய அலட்டல் எனக்குப் பழகியது, அவளுக்கும் பழகிக்கொண்டிருந்தது.

பிறகு கிள்ளான் போகிற வழியில் அந்தத் தனியார் ரயில் பூங்கா. அதன் பெயரை எழுதி விளம்பரம் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. எங்கேயும் போகாத கொஞ்சத் தூரத் தண்டவாளம், அதன்மேல் ஓர் எஞ்சின், இரண்டு பெட்டிகள். எல்லாவற்றுக்கும் பளபளவென்று புதுக் கறுப்பு பெயின்ட். நான்கு மொழியில் பலகை. தமிழ்ப் பலகையை தர்ஷினிதான் உரக்கப் படித்தாள்: 'இந்தத் தண்டவாளத்தின் கீழே உள்ள தூங்குபவர்கள் மரத்தால் ஆனவர்கள்.' ஸ்லீப்பர் கட்டையை யாரோ கம்ப்யூட்டரிடம் கொடுத்துத் தமிழாக்கியிருக்கிறார்கள். தமிழ்ப்பள்ளியில் காலமெல்லாம் கட்டுரை திருத்தியவள் நான், சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அத்தை, மெதுவா பேசுங்க, எழுந்துறப் போறாங்க" என்றாள் அவள். நீ ஓடிவந்து, "மா, ப்ளீஸ்லா, ஓனர் நிக்கறாரு" என்று எங்களை அடக்கினாய். பாரம்பரியத்தைக் காப்பாற்ற வந்த உனக்கு அந்தப் பலகையில் தப்பு இருப்பதே கண்ணில் படவில்லை. பெயின்ட் நன்றாக இருந்ததல்லவா, அது போதும் உனக்கு.

அப்புறம்தான் கார் டிக்கியைத் திறந்து அந்த இரண்டு பைகளை எடுத்தாய். ஒன்றில் வெள்ளைக் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை, முழங்கால்வரை பூட்ஸ், கூடவே அந்தத் தொப்பி. தோட்டத்துத் துரைமார் போட்ட தக்கைத் தொப்பி. வாடகைக் கடையில் எடுத்ததாம். இன்னொரு பையில் சாயம் போன கைலி, பொத்தான் இல்லாத சட்டை, தலையில் கட்ட ஒரு துண்டு, ஒரு மூங்கில் கூடை. "இது யாருக்கு?" என்று தர்ஷினி கேட்டாள். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டாள்.

"உனக்குத்தான்லா. நான் துரை, நீ ரயில் சடக்கு, தண்டவாளம் போடற பொம்பள. ரெண்டு பேருக்கும் லவ். அதுதான் ஸ்டோரி."

"அப்ப என் சேலை?"

"சேலை எல்லாரும்தான் கட்றாங்க தர்ஷி. இது நம்ம ஹிஸ்டரி. யாரும் செஞ்சதில்ல."

"எனக்கு ஒரு மாதிரி இருக்கு. வேணாமே" என்றாள். சத்தம் போடவில்லை, முகத்தைத் தூக்கவில்லை, வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னாள். நீ திரும்பிக்கொண்டாய். படம் எடுக்க வந்த மனிதரைப் பார்த்துச் சிரித்தாய். "கொஞ்சம் எஜுகேட் பண்ணணும் பாஸ்" என்றாய். அவர் கிள்ளான்காரர், நடுத்தர வயது, கல்யாணம் காட்சி என்று நூற்றுக்கணக்கில் எடுத்தவர். அவரும் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாய். அவர் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான், "வேணாம்பா, அந்தச் சேலையவே கட்டட்டும்" என்றேன். "மா, நீங்க பேசாம குடை பிடிங்க, கேமரா சூடாகுது" என்றாய். கேமராவுக்குக் குடை. அவளுக்கு வெயில்.

அவள் ஏன் உடுத்திக்கொண்டாள் என்று கேட்காதே. பார்க்க நாலு பேர் நின்றார்கள், உன் மானத்தைக் காப்பாற்ற உடுத்திக்கொண்டாள். வெளியே வந்தவளின் கன்னத்தில் நீ அடுப்புக்கரியைத் தேய்த்தாய். தேய்த்துக்கொண்டே, "நல்லவேளை, உனக்கு நெறைய போட வேணாம்" என்றாய். உனக்கு அது வேடிக்கை. தன் நிறத்தைப் பற்றிச் சின்ன வயதிலிருந்து எத்தனை பேரிடம் எத்தனை வேடிக்கை கேட்டிருப்பாள் என்று நீ ஒரு தடவையாவது யோசித்தாயா? பக்கத்தில் ஒரு சீன அம்மா பேரனோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "டிராமா கா?" என்று என்னைக் கேட்டார். ஆமாம், டிராமாதான் என்றேன். "யாரு ஹீரோ?" என்றார். உன்னைக் காட்ட எனக்குக் கை வரவில்லை.

அந்தத் தொப்பியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஆட்கள் கப்பலில் வந்து தண்டவாளம் போட்டவர்கள் என்று மேடைக்கு மேடை பேசுகிறாயே, அவர்கள் அந்தத் தொப்பி தூரத்தில் வரும்போதே தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றவர்கள். அவர்கள் பேரன் மகன் நீ. இரண்டு வேஷம் கையில் இருந்தது. யோசிக்காமலேயே தொப்பியை நீ எடுத்துக்கொண்டு கூடையை அவளிடம் கொடுத்தாய். நீ கைலியைக் கட்டிக்கொண்டு அவளைப் பெட்டியின் வாசலில் ராணியாக நிற்க வைத்திருந்தால்கூட நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். உனக்கு அது தோன்றவே இல்லை, இல்லையா?

இப்போது அந்தப் படத்துக்கு வருகிறேன். ஜோடிப் படங்கள் முடிந்தன. நீ கீழே இறங்கி வந்து, தொப்பியைக் கழற்றி அதாலேயே விசிறிக்கொண்டு, படம் எடுப்பவருக்கும் எனக்கும் நடுவில் நின்றாய். அவள் தனியாக எஞ்சின் சக்கரத்தோரம் மண்டியிட வேண்டும், உள்ளங்கையைச் சக்கரத்தின் இரும்பில் அழுத்தி வைத்துக்கொண்டு மேலே பார்க்க வேண்டும், துரை கைவிட்டுப் போய்விட்டான் என்று அர்த்தமாம். உச்சி வெயில். காலையிலிருந்து வெயில் குடித்த கறுப்பு இரும்பு. "நல்லா அழுத்தி வை தர்ஷி, சும்மா தொட்டா பொய்யாத் தெரியும். நகம் படாம, பெயின்ட் புதுசு" என்று கத்தினாய். அவள் அழுத்தினாள். அவள் தோள் சட்டென்று மேலே ஏறியதை நான் பார்த்தேன். முகம் சுருங்கியது. படம் எடுப்பவர் கேமராவை இறக்கினார்.

"பாஸ், மேடத்துக்குக் கை சுடுது போல."

"தெரியும்லா. நீங்க எடுங்க. இந்த மூஞ்சி மறுபடி கிடைக்காது."

தாழ்ந்த குரலில்தான் சொன்னாய். எனக்குக் கேட்டது, அவளுக்குக் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்கும்படி அடுத்ததைச் சொன்னாய்: "அப்படியே இரு, தர்ஷி. அப்படியே இரு." அவள் இருந்தாள். நான் குடையைக் கீழே போட்டுவிட்டு, இந்த முட்டியோடு எவ்வளவு வேகமாக நடக்க முடியுமோ அவ்வளவு வேகமாகப் போனேன். அதற்குள் எடுத்து முடித்தாகிவிட்டது. உள்ளங்கை சிவந்து மினுமினுத்தது. என் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை முழுக்க ஊற்றினேன். நீ கேமராவின் சின்னத் திரையில் குனிந்து, "வாவ்" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். ஐஸ் வாங்கி வா என்று நான் கத்தியதற்கு ஐஸ் மைலோ வாங்கி வந்தாய். "கையிலயும் வெச்சுக்கலாம், குடிக்கவும் குடிக்கலாம்" என்றாய். அந்த நேரத்திலும் உனக்கு உன் சமயோசிதம் பெருமையாக இருந்தது.

உன் அப்பா வெயிலில் நின்ற இரும்பைத் தொட வேண்டியிருந்தால் கையில் சாக்கைச் சுற்றிக்கொள்வார். சுட்டால் கையை எடுப்பார், எடுத்துவிட்டு மலாயிலும் தமிழிலும் திட்டுவார். ரயில் சடக்கில் வேலை செய்த எந்தப் பெண்ணும் அப்படித்தான் செய்திருப்பாள். சுடுகிற இரும்பில் கையை வைத்து மேலே பார்த்துக்கொண்டிருக்க அவர்களுக்கு என்ன பைத்தியமா? அவர்கள் பட்ட கஷ்டத்தைக் காட்டுகிறேன் என்று கிளம்பி, அவர்களே படாத ஒரு கஷ்டத்தை நீயாகக் கண்டுபிடித்து, நீ கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணைப் பட வைத்தாய். அதற்குத்தான் உன் பெரியம்மா ரயில் படம் ஒட்டியிருக்கிறாள்.

மத்தியானம் கிள்ளான் லிட்டில் இந்தியாவில் வாழை இலைச் சாப்பாடு. அவளுக்குச் சுட்டது வலது கை. சோறு வந்தது, குழம்பு ஊற்றினார்கள், அவள் கையை மடியிலேயே வைத்திருந்தாள். பிறகு பரிமாறியவரைக் கூப்பிட்டு, "அண்ணே, ஒரு ஸ்பூன் கிடைக்குமா" என்று மெதுவாகக் கேட்டாள். நீ நிமிர்ந்து பார்த்தாய். "வாழை இலைல ஸ்பூனா? இப்ப நீதான் துரைசாணி ஆயிட்ட போல" என்றாய். அவள் உதட்டை அசைத்தாள், சிரிப்பு என்று வைத்துக்கொள். இடது பக்கம் திரும்பி என்னிடம், "ஆன்டி, அந்த ரசத்த இந்தப் பக்கம் நகர்த்துங்க" என்றாள். நான் ரசத்தை நகர்த்தினேன். வாய் தவறிச் சொன்னாளோ என்று பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "ஆன்டி, பப்படம் வேணுமா" என்றாள். வாய் தவறவில்லை. பரிசத்தில் மாற்றிய தட்டை ஒரு சத்தமும் இல்லாமல் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள், நீ எதிரே உட்கார்ந்து மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டு அவளுக்கு எந்தப் படத்தை மண்டபத்தில் வைக்கலாம் என்று காட்டிக்கொண்டிருந்தாய்.

சாப்பிட்டதும், படங்களைத் தேர்ந்தெடுக்க அந்த கேமராக்காரரோடு காரில் போகிறேன் என்றாய். எங்களைக் கிள்ளான் ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, "இந்த ஸ்டேஷனும் ஹெரிடேஜ்தான் மா, பார்த்துக்கிட்டே ட்ரெயின்ல வாங்க" என்று வழியனுப்பினாய். நன்றாகப் பார்த்தோம். பெண்கள் பெட்டியில் இடம் கிடைத்தது. அவள் கன்னத்தில் கரி முழுதும் போகவில்லை, மடியில் அந்தப் பட்டுச்சேலைப் பை, கொப்புளம் கிளம்பிய கை அதன்மேல் மல்லாந்து கிடந்தது. ஷா ஆலம் வந்தது, தாண்டியது. பிறகு கேட்டாள்.

"ஆன்டி, ஒன்னு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. நீங்க பக்கத்துலதான் நின்னீங்க. என் கை சுடறத அவரு பார்த்தாரா, பார்க்கலையா?"

நான் கைப்பையைத் திறந்து எதையோ தேடினேன். அவள் விடவில்லை. "பார்க்கலன்னா எனக்குப் பரவால்ல. வேலைல மும்முரமா இருந்தா யாருக்கும் கண்ணு தெரியாது. நானும் பேஷண்ட்ட வலிக்க அழுத்திட்டு அப்புறம் ஸாரி சொல்லியிருக்கேன். அந்தத் தொப்பி, கரி, கிண்டல், எல்லாம் சின்னப்புள்ளத்தனம், கட்டிக்கிட்டு சண்ட போட்டு மாத்திக்கலாம். ஆனா பார்த்துட்டு இருன்னு சொல்லியிருந்தா, அது வேற, ஆன்டி."

சொல்லிவிடுகிறேன், எனக்கு நாக்கு நுனியில் பொய்தான் வந்தது. 'பார்க்கலம்மா' என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் என் முட்டியை அதட்டி மடக்க வைக்கிறவள், தூங்குபவர்களை எழுப்பாதீர்கள் என்று காதில் சொல்கிறவள், அடுத்த மாதம் என் வீட்டுக்கு வந்துவிடுவாள். உனக்கு அவள் வேண்டும் என்பதைவிட எனக்கு அவள் அதிகமாக வேண்டும். நீ ஆபீஸுக்குப் போய்விடுவாய், அவளும் நானும்தான் பேசிச் சிரித்துக்கொண்டிருப்போம் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். சுபாங் ஜெயா வந்தது, ஆட்கள் ஏறினார்கள், நான் கூட்டத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

அப்போதுதான் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. உன் அப்பாவின் கடைசி வாரம். கையில் ஊசியும் குழாயுமாகக் கிடந்தார், ஜன்னல் வழியாக வெளிச்சம் அந்தக் கைமேல் விழுந்தது. "தம்பி, தண்ணி" என்றார். நீ போனை எடுத்து, "ஒரு நிமிஷம்பா, கைய அப்படியே வைங்க" என்றாய். நான் உன்னை இடித்துத் தள்ளிக்கொண்டு போய் டம்ளரை அவர் வாயில் வைத்தேன். அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, 'ஓர் உழைப்பாளியின் கை' என்று போட்டாய். நல்ல படம்தான், அதில் சந்தேகமில்லை. உனக்கு நல்ல கண். வலி எங்கே இருக்கிறதென்று மற்றவர்களுக்கு முன்னால் உனக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்ததும் மற்றவர்கள் ஓடிப்போய்த் தூக்குவார்கள், நீ வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பாய். இதை நான் பொய் சொல்லி மூடிவைத்தால், நாளைக்கு அவள் பிரசவ வலியில் கிடக்கும்போதும் நீ 'அப்படியே இரு' என்பாய். அவளுக்குத் தண்ணீர் கொடுக்க நான் எத்தனை நாள் இருப்பேன்?

பந்தாய் டாலாம் வரும்போது சொன்னேன். "பார்த்தான்மா. அந்த கேமராக்காரரு சொன்னாரு, இவன் 'தெரியும்லா'ன்னான். தெரிஞ்சுதான் இருன்னு சொன்னான்." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழவில்லை. என் அழுகையைத்தான் நான் அடக்க வேண்டியிருந்தது. செண்ட்ரலில் இறங்கினோம். எஸ்கலேட்டரில் வழக்கம்போல என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், இடது கையால். மேலே வந்ததும், "அவர் வாயால ஒரு தடவ கேக்கணும் ஆன்டி. அதுக்கப்புறம் முடிவு பண்றேன்" என்று சொல்லிவிட்டு, காஜாங் ரயிலுக்கு நடந்து போனாள். திங்கட்கிழமை அந்தக் கையால் எப்படி ஆட்களுக்கு வைத்தியம் பார்ப்பாள் என்று நான் நின்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் என் போனில் உன் படம் வந்து விழுந்தது.

நீ கெட்டவனில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. என் கண் ஆபரேஷனுக்கு லீவு போட்டு நாள் முழுக்கக் காத்திருந்தவன் நீ. சொட்டுமருந்தை மறக்காமல் ஊற்றியவன் நீ. கேமரா கையில் இல்லாதபோது நீ மனுஷனாகத்தான் இருக்கிறாய். அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன், இல்லையென்றால் இரண்டே வரியில் முடித்திருப்பேன்.

மாலையில் அவள் வரும்போது பூங்கொத்து வாங்கி வைக்காதே. 'உனக்கு வலிச்சிருந்தா ஸாரி' என்று ஆரம்பிக்காதே. அதென்ன 'வலிச்சிருந்தா', கொப்புளம் கையில் இருக்கிறது. கலை, வரலாறு, அடையாளம் என்று எதையும் விளக்காதே, அவள் வகுப்புக்கு வரவில்லை. உன் பெரியம்மா எழுதியதைக் காட்டாதே. அந்தப் படத்தை எடுத்துவிட்டேன் என்று பேரம் பேசாதே, எடுத்துவிட்டுப் பேசாமல் இரு. அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள்.

தப்பிக்க உனக்கு ஒரு வழி இருக்கிறது, அதையும் நானே சொல்கிறேன். 'நான் பார்க்கவே இல்ல, அம்மாவுக்கு வயசாச்சு, இப்பதான் கண் ஆபரேஷன் ஆச்சு, ஏதோ தப்பா நினைச்சுக்கிட்டாங்க' என்று சொல்லிவிடலாம். சொந்தக்காரர்கள் நம்புவார்கள். அவளும் நம்பக்கூடும், ஏனென்றால் நம்ப வேண்டும் என்றுதான் அவளுக்கும் ஆசை. நான் மறுத்துப் பேசமாட்டேன். என்னிடம் கேட்டாள், சொன்னேன், என் வேலை முடிந்தது. மண்டபத்துக்குப் பட்டு கட்டிக்கொண்டு வந்து, மகனைப் பற்றிப் பொய் சொன்ன கிழவியாக முன்வரிசையில் உட்கார்ந்து, உங்கள் இரண்டு பேர் தலையிலும் அட்சதை போட்டுவிட்டுப் போவேன்.

இல்லையென்றால், 'பார்த்தேன்' என்று சொல். அதோடு வேறு எதையும் சேர்க்காதே. அதைக் கேட்டுவிட்டு அவள் எழுந்து போகலாம், போனால் பின்னால் ஓடாதே. உட்கார்ந்து உன்னை ஒரு மணி நேரம் திட்டவும் திட்டலாம், அது உன் அதிர்ஷ்டம். எது நடக்கும் என்று எனக்குத் தெரியாது, நேற்று முழுக்க அவளைப் படம் எடுத்த உனக்கும் தெரியாது. போய்விடுவாளோ என்று எனக்குப் பயம்தான். அதற்காக நான் சொன்னதைத் திரும்ப வாங்கப்போவதில்லை.

எதைச் சொன்னாலும் நீ என் மகன்தான். நாளைக்கு வந்து கதவைத் தட்டினாலும் திறப்பேன், திட்டிக்கொண்டே சோறு போடுவேன். பெற்றுவிட்டேன், எனக்கு வேறு வழியில்லை. அவளுக்கு இருக்கிறது.